ஆடியது ஹார்லெம், பெயர் விமானிக்கு

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பின இளைஞர்கள் உருவாக்கிய ஒரு ஜோடி நடனம். அதற்கு வாய்த்த பெயரோ அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தனியாகப் பறந்து கடந்த ஒரு வெள்ளைக்கார விமானியின் செல்லப் பெயர். லிண்டி ஹாப். அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. ஜிட்டர்பக், ஜைவ், ஸ்விங், வெஸ்டர்ன் ஸ்விங், ஹாலிவுட் ஸ்டைல், சவாய் ஸ்டைல் என்று போகிற ஊரெல்லாம் அதற்கு ஒரு புதுப் பெயர் கிடைத்தது. பல பெயர்களுக்குப் பின்னால் ஒரே ஆட்டம். சில சமயம் ஒரே பெயருக்குப் பின்னால் முற்றிலும் வேறு வேறு ஆட்டங்கள். மேற்கத்திய ஆட்டம் எதுவானாலும் 'கிளப் டான்ஸ்' என்று ஒரே மூட்டையில் கட்டிவிடும் தமிழ் சினிமா ரசிகர்களுக்கு இது வீண் வம்பாகத் தோன்றலாம். ஆனால் இந்தப் பெயர்த் தகராறில், யார் உருவாக்கினார்கள், யார் காசு பார்த்தார்கள் என்ற விவகாரமும் சேர்ந்தே இருக்கிறது.

முதலில் ஆட்டம். எட்டு எண்ணிக்கைக்குள் அடங்கும் ஒரு சுற்றுதான் இதன் உயிர். ஆணும் பெண்ணும் நெருங்கி வருகிறார்கள், ஒருவரையொருவர் பிடித்தபடி அரை வட்டம் சுழல்கிறார்கள். அந்த வேகத்திலேயே பெண் வெளியே வீசப்பட்டதுபோல் விலகிப் போகிறாள். ஒரு கைப்பிடி மட்டும் மிச்சம். விலகி நிற்கும் அந்தக் கண நேரத்தில் இருவரும் அவரவர் இஷ்டப்படி காலை ஆட்டிக்கொள்ளலாம். பிறகு மறுபடியும் சேர வேண்டும். இதற்கு ஸ்விங்அவுட் என்று பெயர். ஐரோப்பிய பால்ரூம் நடனங்களில் ஜோடி பிரிவது அபூர்வம். கறுப்பர்களின் நடன மரபிலோ தனி ஆளின் கற்பனைக்கு எப்போதும் இடம் உண்டு. இரண்டும் இங்கே கைகோத்துக்கொண்டன. 1920களில் அமெரிக்காவையே பிடித்து ஆட்டிய சார்ல்ஸ்டன், அதோடு 'பிரேக்அவே' என்ற ஜோடிப் பிரிப்பு ஆட்டம், இந்த இரண்டின் குழந்தை லிண்டி ஹாப் என்று சொன்னால் பெரிய பிழையில்லை. 1929ல் எடுக்கப்பட்ட 'ஆஃப்டர் செபன்' என்ற குறும்படத்தில் குழந்தை பிறக்கும் தறுவாயைப் பார்க்கலாம். மூன்றாவதாக வரும் ஜோடியில் ஆண் குள்ளமானவர், பாம்பு போல் வளைகிறார். அவர் பெயர் ஜார்ஜ் ஸ்னோடன். ஹார்லெமில் எல்லோருக்கும் 'ஷார்ட்டி' ஜார்ஜ்.

பெயர் சூட்டு விழா பற்றிய கதை அவரிடமிருந்துதான் துவங்குகிறது. சார்ல்ஸ் லிண்ட்பர்க் 1927 மே 20 அன்று லாங் ஐலண்டிலிருந்து கிளம்பி முப்பத்து மூன்றரை மணி நேரம் தூங்காமல் பறந்து மறுநாள் இரவு பாரிஸில் இறங்கினார். வயது 25. பத்திரிகைகள் 'லிண்டி' என்று கொஞ்சின. அந்தக் காலப் பத்திரிகை பாஷையில் 'ஹாப்' என்றால் விமானத்தில் ஒரு தாவல். இளவட்டங்களின் பாஷையில் அதே சொல்லுக்கு நடன விருந்து என்றும் அர்த்தம். இரண்டு அர்த்தமும் பொருந்திய பெயரைச் சும்மா விடுவார்களா?

பிரபலமான கதை இது. சவாய் பால்ரூமில் ஆட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு நிருபர், 'இதற்கு என்ன பெயர்?' என்று ஷார்ட்டி ஜார்ஜிடம் கேட்கிறார். பக்கத்து பெஞ்சில் கிடந்த பேப்பரில் லிண்டி அட்லாண்டிக்கைத் தாவினார் என்று தலைப்பு. ஷார்ட்டி அதைப் பார்க்கிறார், 'லிண்டி ஹாப்' என்கிறார். கச்சிதமான கதை. கச்சிதமாக இருப்பதே சந்தேகத்துக்கு முதல் காரணம்.

ஸ்னோடனே பிற்காலத்தில் ஜாஸ் ஆய்வாளர் மார்ஷல் ஸ்டெர்ன்ஸிடம் சொன்னது வேறு. 1928 ஜூன் 17 அன்று ஹார்லெமின் மன்ஹாட்டன் கசினோ மண்டபத்தில் ஒரு மாரத்தான் நடனப் போட்டி ஆரம்பித்தது. தூங்காமல், நிற்காமல், கடைசி வரை யார் ஆடுகிறார்களோ அவர்களுக்குப் பரிசு. அந்த வருடங்களில் அமெரிக்காவைப் பிடித்திருந்த பைத்தியங்களில் இதுவும் ஒன்று. 80 ஜோடிகள் துவங்கியதில் 18 நாள் கழித்து சுகாதார அதிகாரிகள் வந்து போட்டியை நிறுத்தியபோது தரையில் மிஞ்சியிருந்தவை 4 ஜோடிகள். அதில் ஒன்று ஸ்னோடனுடையது. களைப்பைப் போக்கிக்கொள்ளவோ கூட்டத்தை உற்சாகப்படுத்தவோ, அவர் நடுநடுவே ஜோடியை விலக்கிவிட்டுத் தனியாக இரண்டு அடவு போடுவார். செய்திப்படக் கேமராக்காரர்கள் அவர் காலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, காலில் என்ன செய்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டாராம். ஆட்டத்தை நிறுத்தாமலே லிண்டி என்று பதில் சொன்னாராம்.

இந்த இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முதல் கதை தள்ளாடுகிறது. விமானம் பாரிஸில் இறங்கியது 1927 மே மாதம். மாரத்தான் நடந்தது 1928 கோடையில். ஒரு வருடத்துக்கு மேல் பழசான பேப்பரை எந்தப் பெஞ்சில் விட்டு வைப்பார்கள்? அதைவிட முக்கியம், அந்த விமானி பெயரில் பாட்டும் ஆட்டமும் நாடெங்கும் தாமாகவே முளைத்துக்கொண்டிருந்தன. மெம்ஃபிஸ் ஜக் பாண்ட் என்ற குழு 1928ல் லிண்ட்பர்க் பெயரில் ஒரு ஹாப் பாட்டைப் பதிவு செய்தது. ஹார்லெமின் ஆட்டத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. காற்றில் மிதந்துகொண்டிருந்த ஒரு பெயரை ஹார்லெம் பிடித்துத் தன் ஆட்டத்தில் ஒட்டவைத்தது என்பதே நம்பும்படி இருக்கிறது. ஒட்டிய மற்ற பெயர்களெல்லாம் உதிர்ந்துவிட்டன. இது நின்றது, காரணம் ஆட்டம் நின்றது.

இன்னொரு விஷயம். அந்த மாரத்தானில் ஸ்னோடன் தனியாக ஆடவில்லை. இது ஜோடி நடனம். கூட ஆடிய பெண் மேட்டி பர்னெல். பல பத்தாண்டுகளாக இந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னவர்கள் அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லவேயில்லை. பழைய ஹார்லெம் பத்திரிகைகளைப் புரட்டிய ஆய்வாளர்கள்தான் சமீப காலத்தில் அவருக்கும் பாதி உரிமை உண்டு என்று எழுத ஆரம்பித்திருக்கிறார்கள். விமானியின் பெயர் நடனத்தில் நிற்க, நடனத்தில் பாதியான பெண்ணின் பெயர் தொலைந்திருந்தது.

விமானியின் பிற்காலமும் பெயருக்கு அழகு சேர்க்கவில்லை. 1938ல் ஹெர்மன் கோரிங் கையால் நாஜி ஜெர்மனியின் பதக்கம் வாங்கிக்கொண்டார் லிண்ட்பர்க். 1939ல் 'ரீடர்ஸ் டைஜஸ்ட்' இதழில் எழுதிய கட்டுரையில், வெள்ளை இனம் தனக்குள் சண்டை போடாமல் மற்ற இனங்களிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும் என்று வாதாடினார். விமானத்தை அதற்கான அரணாகவே பார்த்தார். அதே வருடம் நியூயார்க்கின் கறுப்பு இளைஞர்கள் ராத்திரிதோறும் அவர் பெயரைச் சொல்லி ஆடிக்கொண்டிருந்தார்கள். பெயர் வைத்தபோது அவர்கள் கொண்டாடியது 25 வயதுப் பையனின் துணிச்சலை. பின்னால் வந்ததற்கு அவர்கள் என்ன செய்வார்கள்?

ஆட்டம் வளர்ந்த இடம் சவாய் பால்ரூம். 1926 மார்ச்சில் லெனாக்ஸ் அவென்யூவில், 140வது தெருவுக்கும் 141வது தெருவுக்கும் நடுவே முழு பிளாக்கையும் அடைத்துக்கொண்டு திறந்தது. இரண்டு மேடைகள். ஒரு பாண்டு வாத்தியக் குழு முடித்ததும் அடுத்தது ஆரம்பிக்கும், இசைக்கு இடைவெளி கிடையாது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தரையில் ஆடலாம். அருகிலிருந்த புகழ்பெற்ற காட்டன் கிளப்பில் கறுப்பர்கள் மேடையில் ஆடலாம், நாற்காலியில் உட்காரக் கூடாது என்றிருந்த காலத்தில் இது சாமானிய விஷயமில்லை. மண்டபத்தின் ஒரு மூலை தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. கத்துக்குட்டிகள் அங்கே கால் வைத்தால் தப்பிக்க முடியாது.

அந்த மூலைக்கு மேஸ்திரி ஹெர்பர்ட் ஒயிட். சவாயில் ரகளை செய்கிறவர்களை வெளியே தள்ளும் வேலையிலிருந்து உயர்ந்து ஆட்டக்காரர்களைத் திரட்டி சினிமாவுக்கும் மேடைக்கும் அனுப்புகிறவர் ஆனார். தலைமுடியில் ஒரு வெள்ளைக் கீற்று இருந்ததால் 'ஒய்ட்டி' என்று பட்டப்பெயர். ஆள் கறுப்பர். அவர் குழு ஒய்ட்டீஸ் லிண்டி ஹாப்பர்ஸ். 1936ல் காட்டன் கிளப்பில் அவர்களே 'ஹாப்பிங் மேனியாக்ஸ்'. 1941ல் 'ஹெல்ஸாப்பாப்பின்' படத்தில் அவர்களே 'ஹார்லெம் காங்கரூ டான்ஸர்ஸ்'. அப்போது கியூபாவின் காங்கா நடனம் மோஸ்தராக இருந்தது, பெயரில் அந்த வாசனையைத் தெளித்துவிட்டார்கள். லிண்டி ஹாப் என்றால் இதுதான் என்று இன்றும் உலகெங்கும் போட்டுக் காட்டப்படும் காட்சி அந்தப் படத்தில்தான் இருக்கிறது. ஆனால் படத்தில் அந்தப் பெயர் இல்லை. ஆட்டக்காரர்கள் வரும் வேஷமும் சமையல்காரர், வேலைக்காரி, டிரைவர். கதைக்குச் சம்பந்தமில்லாமல் தனியே நிற்கும் காட்சி அது. கறுப்பர்களைத் திரையில் பார்க்க விரும்பாத தென் மாநிலத் தியேட்டர்களில் கத்தரித்துவிடச் சௌகரியம்.

ஆகாயத்தில் தூக்கி எறியும் வித்தைகள் வந்தது இந்தக் குழு வழியாகத்தான். ஷார்ட்டி ஜார்ஜின் பிற்கால ஜோடி 'பிக் பீ' என்ற ஆஜானுபாகுவான பெண். ஆட்டம் முடிந்ததும் குள்ளமான ஜார்ஜைத் தன் முதுகில் சாய்த்துத் தூக்கிக்கொண்டே வெளியேறுவார், கூட்டம் சிரித்து உருளும். இருபது வயது தாண்டிய ஃப்ராங்கி மானிங் அதைப் பார்த்து வேறு கணக்குப் போட்டார். முதுகில் தூக்கிக்கொண்டு போவானேன், முதுகின் மேலாகவே உருட்டித் தாளத்துக்குச் சரியாகத் தரையில் இறக்கினால் என்ன? ஃப்ரீடா வாஷிங்டன் என்ற பெண்ணோடு பயிற்சி எடுத்து, 1935 வாக்கில் ஒரு போட்டியில் ஷார்ட்டி ஜார்ஜுக்கு எதிரேயே அதைச் செய்து காட்டினார். நகைச்சுவையாக இருந்தது சாகசமாக மாறியது. பெயர் தந்த தலைமுறை அன்றோடு ஓரங்கட்டப்பட்டது என்றும் சொல்லலாம்.

இதற்கிடையே இன்னொரு பெயர் கிளம்பிவிட்டது. பாண்டு மாஸ்டர் கேப் காலோவே 1934ல் பதிவு செய்த ஒரு பாட்டின் தலைப்பு 'ஜிட்டர் பக்'. அதில் அது நடனமே இல்லை. குடித்துவிட்டு மறுநாள் கைநடுக்கத்தோடு திரியும் ஆசாமி. கொஞ்ச காலத்தில் ஸ்விங் இசை கேட்டுத் துள்ளும் ரசிகனுக்கு அந்தப் பெயர் போயிற்று. காலோவே வெளியிட்ட ஹார்லெம் கொச்சைமொழி அகராதியிலேயே ஸ்விங் ரசிகன் என்றுதான் பொருள். பிறகு தாளம் பிடிபடாமல் பூச்சி மாதிரி குதிக்கும் வெள்ளைக்கார இளைஞர்களுக்கு. கடைசியில் அவர்கள் ஆடிய ஆட்டத்துக்கே. குடிகாரனிலிருந்து ரசிகனுக்கு, ரசிகனிலிருந்து நடனத்துக்கு என்று சில வருடங்களிலேயே ஒரு சொல் இத்தனை தூரம் நடந்தது. சவாயின் பழைய புலிகள் இந்தப் பெயரை ரசிக்கவில்லை. கிண்டலாக ஆரம்பித்தது பாராட்டாக மாறினாலும் ஆரம்பம் மறக்காதல்லவா.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க சிப்பாய்கள் போன இடமெல்லாம் ஜிட்டர்பக்கும் போனது. பிரிட்டனில் அது ஜைவ் ஆயிற்று. இந்தியாவுக்கும் அந்த இசையின் வாடை தெரியும். சிகாகோ பியானோக்காரர் டெடி வெதர்ஃபோர்ட் பம்பாய் தாஜ் ஹோட்டலிலும், போர்க்காலத்தில் கல்கத்தா கிராண்ட் ஹோட்டலிலும் குழு நடத்தினார். கல்கத்தா அப்போது அமெரிக்கப் பட்டாளத்தால் நிரம்பி வழிந்தது. 1945ல் காலரா கண்டு அங்கேயே காலமானார்.

1943ல் நடந்தது தனிக் கூத்து. அந்த வருடம் ஏப்ரலில் ஒழுக்கக் கேடு என்று குற்றம்சாட்டி நியூயார்க் அதிகாரிகள் சவாய் பால்ரூமை இழுத்துப் பூட்டினார்கள். கறுப்பரும் வெள்ளையரும் கலந்து ஆடியதுதான் உண்மையான குற்றம் என்று ஹார்லெம் கொதித்தது. அக்டோபரில்தான் மறுபடி திறந்தார்கள். நடுவே ஆகஸ்ட் 23 தேதியிட்ட 'லைஃப்' பத்திரிகை லிண்டி ஹாப்பை அமெரிக்காவின் சொந்த தேசிய நாட்டுப்புற நடனம் என்று கொண்டாடியது. அட்டையில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் பிராட்வேயின் இளம் வெள்ளை ஜோடி. சவாய் ஆட்டக்காரர்களான லியான் ஜேம்ஸும் வில்லா மே ரிக்கரும் உள்பக்கங்களில். தேசத்தின் நடனம் என்று பட்டம் சூட்டப்பட்ட வாரத்தில் அந்த நடனம் பிறந்து வளர்ந்த வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது.

போருக்குப் பின் எல்லாம் சரிந்தது. 1944லேயே நடனத்துக்கு இடம் தரும் கிளப்புகள் மீது 30 சதவீத வரி போட்டார்கள், பிறகு 20 ஆகக் குறைத்தார்கள். பெரிய பாண்டு குழுக்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியவில்லை. ஜாஸ் இசையும் பீபாப் என்று புத்திசாலித்தனமாக மாறி, எழுந்து ஆடுவதைவிட உட்கார்ந்து கேட்கிற சமாசாரமாயிற்று. சவாய் 1958ல் மூடப்பட்டது, சீக்கிரமே இடித்து அந்த இடத்தில் குடியிருப்புகள் கட்டினார்கள். ஃப்ராங்கி மானிங் ராணுவத்திலிருந்து திரும்பிச் சில வருடம் சொந்தக் குழு நடத்திப் பார்த்தார். 1955ல் நியூயார்க் தபால் இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தார். அதற்கப்புறம் ஏறக்குறைய முப்பது வருடம் கடிதக் கட்டுகள்தான்.

ஆட்டம் செத்துவிடவில்லை. வேறு பெயர்களில், வேறு ஆட்களிடம், கட்டணத்தோடு வாழ்ந்தது. ஆர்தர் மர்ரே போன்ற சங்கிலித் தொடர் நடனப் பள்ளிகளுக்கு எளிதில் கற்றுக்கொடுக்கக்கூடிய சரக்கு வேண்டும். எட்டு எண்ணிக்கையை ஆறாகக் குறைத்து, வளைவு நெளிவுகளை நிமிர்த்தி, ஸ்விங் என்று விற்றார்கள். கிழக்குக் கரை பாணி, மேற்குக் கரை பாணி என்று வகை பிரித்தார்கள். மேற்கத்தியதற்கு முதலில் வெஸ்டர்ன் ஸ்விங் என்று பெயர். அங்கேயும் குழப்பம். டெக்ஸாஸில் பாப் வில்ஸ் போன்றவர்கள் பிடிலோடு வாசித்த கௌபாய் இசைக்கு அதே பெயர். நடனம் பழக வந்தவர்கள் தொப்பியும் பூட்ஸும் மாட்டிக்கொண்டு வந்தால் என்ன செய்வது? 1960களிலிருந்து வெஸ்ட் கோஸ்ட் ஸ்விங் என்ற பெயர் மெல்ல மெல்ல அதை வெளியேற்றியது. 1988ல் கலிபோர்னியா அதைத் தன் அதிகாரபூர்வ மாநில நடனமாகவே அறிவித்துவிட்டது.

'ஷேக்' கதை இன்னும் மோசம். 1930களில் கல்லூரிப் பையன்கள் ஆடிய அதிவேகத் துள்ளல் ஆட்டம் ஒரு ஷேக். செயின்ட் லூயிஸ் நகரில் இன்னொன்று. கரோலைனா கடற்கரையில் பீர் குவளை தளும்பாமல் ஆடத்தக்க நிதானமான ஆட்டமும் ஷேக்தான். 1984ல் தென் கரோலைனா மாநில நடனம் ஆனது அந்தக் கடைசி ஷேக். ஒன்றைக் கற்றவர் மற்றொன்றின் அரங்கத்தில் நுழைந்தால் திருதிருவென்று விழிப்பார். பிரிட்டிஷ் கொச்சையில் அந்தச் சொல்லுக்குள்ள அர்த்தம் இங்கே அச்சேறாது.

மேற்குக் கரைக் கதையின் நாயகன் டீன் காலின்ஸ். நியூ ஜெர்ஸியின் நெவார்க்கில் 1917ல் பிறந்தவர், இயற்பெயர் ருடோஸ்கி. வாலிபத்தில் சவாய்க்குப் போய் ஆட்டத்தைப் பார்த்துப் பழகினார். 1930களின் பிற்பாதியில் லாஸ் ஏஞ்சலீஸுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே ஜுவல் மக்கோவன் என்ற அபாரமான ஜோடி அமைந்தார். படம் படமாக ஆடினார்கள். ஹாலிவுட்டில் ஸ்விங் காட்சி என்றால் தயாரிப்பாளர்கள் தேடியது வெள்ளை ஜோடிகளை, கறுப்பர்களுக்கு ஒரு சமையலறைக் காட்சி கிடைத்தால் பெரிது. வேடிக்கை என்னவென்றால் அந்த 'ஹெல்ஸாப்பாப்பின்' படத்திலேயே காலின்ஸ் ஜோடியும் வேறொரு பாட்டுக்கு ஆடுகிறது. ஒரே படம், ஒரே வேர், இரண்டு தனித்தனி அறைகள்.

1980களில் மூன்று திசைகளிலிருந்து தேடல் ஆரம்பித்தது. ஸ்வீடன் நாட்டு இளைஞர்கள், லண்டன்காரர்கள், கலிபோர்னியாக்காரர்கள். எல்லோரும் பழைய படச் சுருள்களைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, உயிரோடு யாராவது இருக்கிறார்களா என்று நியூயார்க்குக்கு வந்தார்கள். ஸ்வீடன்காரர்களுக்கு 1984ல் ஆல் மின்ஸ் கிடைத்தார், மறு வருடமே காலமானார். கலிபோர்னியாவின் எரின் ஸ்டீவன்ஸும் ஸ்டீவன் மிட்சலும் 1986ல் ஃப்ராங்கி மானிங்கைத் தொலைபேசியில் பிடித்தார்கள். தான் இப்போது தபால்காரன்தான் என்று தட்டிக் கழிக்கப் பார்த்தவர், கடைசியில் இசைந்தார். எழுபதை எட்டிய அந்த மனிதர் அடுத்த இருபது வருடம் உலகம் சுற்றிக் கற்றுக்கொடுத்தார். பிராட்வேயின் 'பிளாக் அண்ட் ப்ளூ' நடன அமைப்புக்காக 1989ல் அவருக்கும் மூன்று சகாக்களுக்கும் டோனி விருது கிடைத்தது. ஸ்பைக் லீயின் 'மால்கம் எக்ஸ்' படத்தில் 1992ல் வரும் நடன மண்டபக் காட்சியிலும் அவர் கைவண்ணம் உண்டு.

1998ல் கேப் துணிக் கம்பெனியின் காக்கி பேண்ட் விளம்பரத்தில் இளசுகள் லிண்டி ஆட, அமெரிக்கா முழுக்க வகுப்புகள் நிரம்பி வழிந்தன. கூட்டம் சேர்ந்தால் கட்சி பிரிய வேண்டாமா? லாஸ் ஏஞ்சலீஸில் டீன் காலின்ஸின் பழைய சிஷ்யர்களைத் தேடிப் படித்தவர்கள் தங்கள் ஆட்டத்துக்கு ஹாலிவுட் ஸ்டைல் என்று போர்டு மாட்டினார்கள். நிமிர்ந்த உடம்பு, வழுக்கிச் செல்லும் கால், நேர்கோட்டில் போக்குவரத்து. எதிர்முகாம் சவாய் ஸ்டைல். குனிந்த முதுகு, தரையை உதைக்கும் கால், வட்டமான சுழற்சி. எது அசல், எது நகல் என்று 1990களின் கடைசியில் வகுப்பறைகளில் மூண்ட வாக்குவாதங்களில் வெறுப்பும் குறைவில்லை.

இரண்டு போர்டுமே தவறு. சவாயில் 'சவாய் ஸ்டைல்' என்று ஒன்று இருந்ததேயில்லை. ஓட்டப்பந்தயக்காரனைப்போல் முன்னே சாய்ந்து ஆடுவது மானிங்கின் சொந்தப் பாணி. அவருக்கு முந்தைய தலைமுறை நிமிர்ந்துதான் ஆடியது. லியான் ஜேம்ஸின் உடம்பும் ஆல் மின்ஸின் உடம்பும் ஒரே மாதிரி அசைந்ததில்லை. அங்கே அடுத்தவனைப்போல் ஆடுவதுதான் அவமானம். ஆக, மானிங்கிடம் கற்றவர்கள் ஒரு தனி மனிதரின் பாணியை ஒரு மண்டபத்தின் பாணி என்று நினைத்துக்கொண்டார்கள். காலின்ஸிடம் வழிவழியாகக் கற்றவர்களின் தவறு அதைவிடக் கனமானது. ஹாலிவுட் என்று பெயர் வைத்ததும், அந்த ஆட்டம் ஏதோ ஸ்டூடியோவில் பிறந்ததுபோல் ஆகிவிட்டது. காலின்ஸ் எங்கே கற்றார் என்ற கேள்வி மறைந்துபோகிறது. மூதாதையின் பெயரை இனிஷியலிலிருந்து எடுத்துவிட்ட மாதிரி.

பழைய ஆட்டக்காரர்களில் நார்மா மில்லர் மாதிரி வாய்த்துடுக்கு உள்ளவர்கள் வேறு யாரும் இல்லை. ஒய்ட்டியின் குழுவில் சிறுமியாகச் சேர்ந்து, 2019ல் 99 வயதில் மறையும்வரை இது ஹார்லெமின் சொத்து என்று மேடை கிடைத்த இடமெல்லாம் முழங்கினார். 2002 மே 26 அன்று சவாய் நின்ற இடத்தில் அவரும் மானிங்கும் சேர்ந்து ஒரு நினைவுப் பலகையைத் திறந்துவைத்தார்கள். அன்று மானிங்குக்கு 88வது பிறந்தநாள்.

பாணிச் சண்டை பிறகு தானாகவே அடங்கிவிட்டது. ஆடுகிறவர்கள் இரண்டையும் கற்று வேண்டிய இடத்தில் வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள். வகுப்பு விளம்பரங்களில் மட்டும் பழைய பெயர்கள் இன்னும் கண்ணில் படும். 2009 மே மாதம் மானிங்கின் 95வது பிறந்தநாளுக்கு நியூயார்க்கில் பெரிய விழா ஏற்பாடாகியிருந்தது. ஏப்ரல் 27 அன்று அவர் காலமானார். விழாவை நிறுத்தவில்லை. பல நாடுகளிலிருந்து வந்தவர்கள் சொன்ன தேதியில் வந்து ஆடிவிட்டுப் போனார்கள். இரண்டு வருடம் முன்பு வெளியான அவருடைய சுயசரிதையின் அட்டையில் ஜிட்டர்பக் இல்லை, ஸ்விங் இல்லை, சவாய் ஸ்டைலும் இல்லை. லிண்டி ஹாப்பின் தூதர் என்றுதான் போட்டிருக்கிறது.